ஆளை எண்ணாத நடை

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. நாலு பேராகச் சேர்ந்து எங்காவது நடந்து போகிறோம் என்றால் வழியில் யாரும் ஆளை எண்ணக்கூடாது. கோயில் திருவிழாவுக்கானாலும் சரி, பக்கத்துத் தோட்டத்துச் சாவு வீட்டுக்கானாலும் சரி. ஏழெட்டு வயதில் ஒருநாள், முன்னால் வரிசையாகப் போனவர்களை விரல் நீட்டி ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பாயி, அப்பாவின் அம்மா, திரும்பி வந்து என் விரலைப் பிடித்து மடக்கிவிட்டார். திட்டவில்லை. "போய்ச் சேந்த பொறகு எண்ணிக்க" என்றார், அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்டால் அப்பாயிக்கும் முழுசாகத் தெரியாது. அவருக்கு அவருடைய அப்பாயி சொன்னது. இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்கென்று மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த கூட்டத்தில், ஆள்பிடித்துக் கூட்டிவந்த கங்காணி காலையில் ஒரு தொகை சொல்வானாம், பொழுது சாயும்போது வேறொரு தொகை சொல்வானாம். இரண்டுக்கும் நடுவில் என்ன ஆனது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்களாம். இது நடந்த கதையா, பிள்ளைகளை அடக்குவதற்குச் சொன்ன கதையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு 41 வயதாகிறது. இன்றைக்கும் பஸ் ஹோல்ட்டில் நிற்கும் என் குடும்பத்தை நான் எண்ணுவதில்லை.

2025 ஆகஸ்ட் 12ஆம் திகதி அந்த வழிக்கு ஆண்டு நிறைவு. ஆண்டு நிறைவு என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், அதற்கு அழைப்பிதழோ மேடையோ கிடையாது. 2023இல், மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று நாடெங்கும் பேச்சாக இருந்தபோது, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் பல அமைப்புகள் சேர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடத்தியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. 16 நாள், 250 கிலோமீற்றருக்கு மேல். நம் ஆட்கள் அன்று வந்த அதே திசையில் மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல என்று ஆடி மாத வெயிலில் நடந்து வந்தார்கள். கடைசி நாள்தான் என் கணக்கில் ஆண்டு நிறைவு. வந்து சேர்ந்த நாளைத்தானே கொண்டாட முடியும்.

நான் 16 நாளும் நடந்தவன் இல்லை. வேலை பார்க்கும் இடத்தில் லீவு கேட்கவே எனக்கு வாய் வரவில்லை, அது என் குற்றம். கடைசி நாள் சனிக்கிழமையாக வந்ததால் மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரைக்கு அங்கால் போய் நின்று, கூட்டம் வந்ததும் ஓரமாகச் சேர்ந்துகொண்டேன். நாலு கிலோமீற்றர் இருக்கும். என் சட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் நடந்தவர்களின் முகம் கறுத்து, உதடு வெடித்து, செருப்பு வாரில் துணி சுற்றியிருந்தது. மன்னாரிலிருந்தே வருவதாகச் சொன்ன ஒரு அம்மாவிடம், காட்டுப் பாதை எப்படி இருந்தது என்று ஏதோ பெரிய கேள்வி கேட்பதுபோலக் கேட்டுவைத்தேன். "காடு எங்க தம்பி இருக்கு, எல்லாம் தார் ரோடு" என்றார். கொஞ்ச தூரம் போய், "ஆனா ராத்திரியில கால் காந்துறப்ப அவுங்கள நினைச்சுக்குவேன்" என்று அவராகவே சொன்னார். ரோட்டோர வாசனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சிங்களக் குடும்பம் வாளியில் தண்ணீரும் பிளாஸ்டிக் குவளைகளும் வைத்துக்கொண்டு நின்றது. நான் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நாலு கிலோமீற்றர்க்காரனுக்கு எதற்கு.

சரி, அந்தப் பழைய வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களில் அது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டதிலிருந்துதான் 200 வருடத்தை எண்ணுகிறார்கள். கோப்பிக்கு வருடம் முழுக்க ஆள் தேவையில்லை, பழம் பழுக்கும் சில மாதங்களுக்குத்தான் தேவை. அதனால் அன்று வந்தவர்கள் குடியேற வந்தவர்கள் இல்லை. ஊரில் மழை பொய்த்து, வயல் காய்ந்து, பண்ணையாரிடம் பட்ட கடன் கழுத்தை நெரிக்கும்போது கங்காணி முற்பணத்தோடு வந்து நிற்பான், அதை வாங்கிக்கொண்டு இராமேஸ்வரம் பக்கமாக நடந்து, தோணி ஏறி, தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி, அங்கிருந்து மறுபடியும் நடை. அரிசி, சட்டி, பாய் எல்லாம் தலையில். சீசன் முடிந்ததும் கையில் மிஞ்சியதை முடிந்துகொண்டு அதே வழியில் திரும்பி நடப்பார்கள். அதாவது ஒரே ஆள் ஒரே வருடத்தில் இரண்டு தடவை அந்தக் காட்டைக் கடந்திருக்கிறார். இது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரேயடியாக வந்து சேர்ந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை பேர் வழியில் விழுந்தார்கள்? வாந்திபேதி, மலேரியா, பசி, தண்ணீர் இல்லாமை. 1841 முதல் 1849 வரை மட்டும், வழியிலும் தோட்டத்திலுமாக 70,000 பேர் இறந்தார்கள் என்று அந்தக் காலத்துக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்குச் சொன்னது. அது மிகை என்று வாதாடுகிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. வாதாடட்டும். எனக்கு அந்தச் சண்டையில் ஈடுபாடு இல்லை, அதில் பாதி என்றாலும் என்னால் தாங்க முடியாது. என்னை அதைவிட உறுத்துவது வேறொன்று: கூட வந்தவர் வழியில் போய்விட்டால் அவருடைய முற்பணக் கடன் உறவுக்காரர் தலையில் ஏறும். புதைக்க நேரமில்லை, ஆனால் கணக்கு எழுத நேரமிருந்திருக்கிறது. அப்பாயி என் விரலை மடக்கியதற்குக் காரணம் இங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும், அதனால் குடும்பம் குடும்பமாக லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், தங்க வைத்தார்கள். 1914இல் தலைமன்னாருக்குக் கோச்சி (ரயில்) ஓடத் தொடங்கியபோது காட்டு நடைக்கே வேலை இல்லாமல் போனது. பிறகு அதே தலைமன்னார் வழியாகத்தான், 1964 ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில், எங்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு அரசாங்கமும் பேசி முடித்தன. 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பாருங்கள், மறுபடியும் எண்ணிக்கை. என் பெரியத்தை ஒருவர் அந்தத் தொகையில் போனார். கண்டி ஸ்டேஷனில் அவரை ஏற்றிவிட்டு வந்த அன்று அம்மா வேலைக்குப் போனதாகவும், அரைப்பேர்தான் (அரைநாள் கூலி) போட்டார்களென்றும் சொல்வார். அந்தக் கோச்சியை எங்கள் பக்கம் அழுகைக் கோச்சி என்பார்கள்.

2024இல் முதல் ஆண்டு நிறைவுக்கு நான் செய்தது சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. அலுவிகாரையிலிருந்து மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வரை தனியாக நடந்தேன். மூன்று கிலோமீற்றர். மழை. கோயிலுக்குள் போய் நின்றபோது, காட்டைத் தாண்டி உயிரோடு வந்தவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் அம்மனைக் கும்பிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வது ஞாபகம் வந்தது. 108 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு சாதாரணக் கேள்வி தோன்றியது. இங்கே கும்பிட்டுவிட்டு அவர்கள் எங்கே போனார்கள்? மாத்தளையில் நடை முடியவில்லையே. இங்கிருந்துதானே ஒவ்வொரு கூட்டமும் பிரிந்து கண்டிக்கும், கலஹாவுக்கும், புசல்லாவைக்கும், அதற்கு மேலேயும் ஏறியது?

இந்த இடத்தில் இன்னொரு பாதையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் மாமாவின் தோட்டத்தில், அதாவது அம்மாவின் தம்பி இன்னமும் இருக்கிற கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில், பாதையோரம் அங்கங்கே வழிகாட்டிப் பலகைகள் முளைத்தன. பெக்கோ ட்ரெயில். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துரை, தவலந்தென்னை, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று வளைந்து, அப்புத்தளை, எல்ல, தெமோதரை எல்லாம் சுற்றி, கந்தப்பளை வழியாக நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை. 22 கட்டம். நெடுங்காலம் இலங்கையில் வாழும் மிகேல் குனாட் என்ற ஸ்பானியரின் யோசனை, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன.

மாமா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், 30 வருடம் சல்லடைப் பக்கம் வேலை செய்தவர். பி.ஓ.பி., பெக்கோ என்று தேயிலைத் தூள் ரகங்களை மூக்கால் பிரித்துச் சொல்லுவார். "நடக்குற பாதைக்கு எதுக்குடா தூள் பேரு?" என்றார் முதலில். துளிர் நுனியில் இருக்கிற வெள்ளைப் பூமுடிக்குச் சீனக்காரர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது அந்தச் சொல் என்று நான் எங்கேயோ படித்ததைச் சொன்னேன். "நாங்க அத தூசின்னு கூட்டித் தள்ளுவோம்" என்றார். பலகை நட்ட இடம் வேறொன்றும் இல்லை, 5ஆம் நம்பர் மலைக்குக் குறுக்கே பணிய லயத்திலிருந்து கடைக்குப் போகிற குறுக்கு. மழைக்காலத்தில் அந்தக் கான் (வடிகால்) ஓரம் சறுக்கும், அத்தை ஒருதரம் மாவு மூட்டையோடு விழுந்த இடம். அந்தக் குறுக்கில் இப்போது ஜெர்மன்காரர்கள் இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்து வருகிறார்கள்.

அந்தப் பாதையைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. அத்தை பலகைக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு பிளேன்டீயும் ரொட்டியும் கட்டச்சம்பலும் விற்கிறார். 2025இல் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துப் பேர் போட்டால் 1,350 ரூபாய் என்று இருந்த இடத்தில், சாயத்தண்ணிக்கு வரும் காசு சின்னக் காசு இல்லை. தோட்டத்துப் பெடியன்கள் சிலர் வழிகாட்டிகளாகிக் கொழும்புக் கடைகளுக்கு ஓடாமல் ஊரிலேயே நிற்கிறார்கள். முன்னால் வெளியாள் யாராவது லயத்துப் பக்கம் வந்தால் காவல்காரர் துரத்துவார். இப்போது தோட்டத்துத் துரையே (மனேஜரே) சிரிக்கிறார். நல்லதுதான்.

எனக்கு உறுத்தியது ஒரே ஒரு வரி. இந்தப் பாதையை அறிமுகப்படுத்தி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள்: தேயிலைப் பெட்டிகளைக் கண்டிக்குக் கொண்டுவர 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் அமைத்த பாதைகள். அமைத்தவர்கள் பிரித்தானியரா? கோடு கிழித்தவர்கள் அவர்கள் என்றால் ஒத்துக்கொள்கிறேன். கல் உடைத்தது, கான் வெட்டியது, மண் சரிந்தபோது மறுபடி வெட்டியது எல்லாம் யார் கை? அதைவிடப் பெரிய விஷயம், வெட்டிய பாதை பாதையாக நீடிப்பது ஆள் நடப்பதால்தான். இரண்டு மழைக்கு ஆள் நடக்காவிட்டால் மானாப்புல் மூடிவிடும். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் பதிய) ஓடி, மத்தியானம் கொழுந்து நிறுக்க இறங்கி, மறுபடி மலைக்கு ஏறி, சாயங்காலம் பீலிக்கரைக்குத் தண்ணீருக்குப் போய், இப்படி 150 வருடமாக ஒவ்வொரு நாளும் மிதித்த காலால்தான் அந்தப் பாதை இன்றைக்கு ஜெர்மன்காரர்களுக்குக் கிடைத்தது.

அப்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். தலைமன்னாரில் தொடங்கும் வழி மாத்தளையில் நிற்கிறது. ஹந்தானையில் தொடங்கும் வழி மலைக்குள் போகிறது. நடுவில் மாத்தளை முதல் ஹந்தானை வரை 30 கிலோமீற்றர் சொச்சம்தான் விட்டுப்போயிருக்கிறது. அது பலகை இல்லாத துண்டு. நடந்தால் ஒரே பாதை.

மாமாவிடம் சொன்னேன். "பைத்தியமா, பஸ் இருக்கே" என்றார். அடுத்த கிழமை அவரே ஃபோன் எடுத்து, எந்தச் செருப்புப் போட என்று கேட்டார். பள்ளிக்கூட விடுமுறை, அதனால் 12 வயது மகளும் ஒட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு முத்துமாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கிளம்பினோம். அதற்குள்ளாகவே முதல் சிக்கல். மகள் ஃபோனில் அடி எண்ணும் ஆப் ஒன்று வைத்திருந்தாள். மாமா நின்றுவிட்டார். எண்ணக்கூடாதே! நடுரோட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார்: ஆளைத்தான் எண்ணக்கூடாது, அடியை எண்ணலாம்.

ஏ9 வீதியில் நடப்பது பற்றி எழுத எனக்கு அழகான சொற்கள் எதுவும் கிடைக்கவில்லை. நடைபாதை என்று ஒன்று பெரும்பாலான இடத்தில் கிடையாது. இடதுபக்கம் கான், வலதுபக்கம் பஸ். யாழ்ப்பாணம் போகும் லொறிகளும் கண்டி - மாத்தளைத் தனியார் பஸ்களும் காது ஓரமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும்போது மகளைச் சுவர்ப் பக்கம் தள்ளித் தள்ளியே என் தோள்பட்டை வலித்துவிட்டது. ஒவ்வொரு பஸ் கண்டக்டரும் எங்களைப் பார்த்துக் "கண்டி, கண்டி" என்று கூப்பிட்டார். ஏறாமல் கைகாட்டி அனுப்பியதை எவருமே நம்பவில்லை. ஒருவர் பஸ்ஸை நிறுத்தி, காசு இல்லையா ஐயா, பரவாயில்லை ஏறுங்க என்று சிங்களத்தில் மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கு அது கொஞ்சம் சுட்டது. அடுத்த இரண்டு கிலோமீற்றரும் சட்டையை உள்ளே சொருகிக்கொண்டு நடந்தார்.

பலகடுவ ஏற்றம்தான் அன்றைய பெரிய வேலை. பஸ்ஸில் போகும்போது வயிற்றைப் புரட்டும் வளைவுகள், நடக்கும்போது வேறு மாதிரி. காற்று குளிரத் தொடங்கும் இடம் ஒன்று வருகிறது, ஒரு வளைவுக்கு முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. மன்னாரின் உப்புக் காற்றிலும் தம்புள்ளையின் வெயிலிலும் வந்த ஒரு ஆளுக்கு இந்தக் குளிர் முதன்முதலாக உடம்பில் பட்டது இங்கே எங்கேயோதான் இருக்கவேண்டும். அவரிடம் கம்பளி இருந்திருக்காது. இதை நான் மாமாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் துண்டை எடுத்து மகளின் தலையில் போட்டார், அவளுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது, பாவம்.

நான் 9,000 ரூபாய்க்கு வாங்கிய நடைச் சப்பாத்து இறக்கத்தில் தன் குணத்தைக் காட்டியது. இரண்டு குதியிலும் கொப்புளம். மாமா ரப்பர் செருப்பு. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்குறணையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து நான் சப்பாத்தைக் கழற்றியதைப் பார்த்த கடைக்கார நானா, ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு பேசினில் சுடுதண்ணீரும் உப்பும் கொண்டுவந்து வைத்தார். மாத்தளையிலிருந்து நடந்து வருகிறோம் என்றதும்தான் கேட்டார், நேர்த்தியா என்று. மாமா ஆமாம் என்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் காரணமில்லாமல் யாரும் நடப்பதில்லை, அதனால் நேர்த்தி என்றால் எல்லோருக்கும் சுலபமாகப் புரிகிறது. தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்தார். நான் வற்புறுத்தவில்லை. இந்தத் தடவை வாங்கிக் குடிக்கலாம் என்று தோன்றியது.

இருட்டும் நேரம் கடுகஸ்தோட்டை. மகாவலியைத் தாண்டாமல் இந்தப் பக்கமே மச்சான் ஒருவர் வீட்டில் படுத்தோம். ஃபோன் 33,000 அடி காட்டியது. மகள் அதை எல்லோருக்கும் காட்டிவிட்டுச் சாப்பிடாமலே தூங்கிப்போனாள்.

மறுநாள் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தோம். பாலம் தாண்டிக் கண்டிக்கு ஏறும் வழியில் மகியாவை. அங்கே மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்பு இருக்கிறது, நம் ஆட்கள்தான். கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. அங்கேதான் ஜேம்ஸ் டெய்லர் கிடக்கிறார். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டாரே, அந்த ஸ்கொட்லாந்துக்காரர். 1892இல் லூல்கந்துரையிலேயே இறந்துபோனார். பெரிய உடம்பு. வண்டி போகாத மலையிலிருந்து 24 பேர், இரண்டு கூட்டமாகப் பிரிந்து, மாறி மாறிச் சுமந்து கண்டி வரை கொண்டுவந்திருக்கிறார்கள். பெக்கோ ட்ரெயிலின் முதல் இரண்டு கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹா, கலஹாவிலிருந்து லூல்கந்துரை. இன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் ஏறும் அதே மலைகளிலிருந்து அந்த 24 பேரும் இறங்கியிருக்கிறார்கள், தோளில் துரையோடு.

டெய்லரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவருடைய சம்பளம் தெரியும், எடை தெரியும், ஊருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. தூக்கிய 24 பேரின் பெயரை நான் எங்கேயும் பார்த்ததில்லை. தொகை மட்டும் இருக்கிறது. கல்லறை வாசலில் நின்று இதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா குறுக்கிட்டார். "நல்ல துரையாத்தான் இருந்திருக்கணும். இல்லாட்டி வழியிலேயே எறக்கி வச்சிருப்பானுங்க." அதுவும் சரிதான். டெய்லரைத் தொழிலாளர்கள் 'சாமி துரை' என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. அந்தத் தோள்களைப் பற்றித்தான் எனக்குத் தெரியவேண்டும்.

கண்டி, பெரஹரா ஊர்வலம் முடிந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மணிக்கூண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம், அப்புறம் ஹந்தானை ஏற்றம். வீடுகள் குறையக் குறைய மரம் கூடிக்கொண்டே போகிறது, மேலே பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். மாமா உள்ளே வர மறுத்துவிட்டார். டிக்கட் எடுத்து ரோலர் மெசினைப் பார்க்கச் சொல்கிறாயா, அதோடு 30 வருடம் குடும்பம் நடத்தினவன் நான் என்றார். மகள்தான் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தாத்தா, உங்க சல்லடையும் இருக்கு" என்று சொன்னாள். அவருக்குள்ளே ஒரு சந்தோசம், காட்டிக்கொள்ளவில்லை.

பாதை தொடங்குகிற பலகைக்குப் பக்கத்தில் மதிலில் உட்கார்ந்து, மச்சான் வீட்டில் கட்டித்தந்த புட்டையும் வாழைப்பழத்தையும் பிரித்தோம். நாங்கள் வந்து சேரவேண்டிய இடம் அதுதான். பலகையின் ஒரு பக்கத்தில் கலஹாவுக்கு அம்புக்குறி. நாங்கள் வந்த பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. மகள் தன் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தாள், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது ஏன் வாங்கினேன் என்று இருக்கிறது.

அந்த நேரம் ஒரு வான் வந்து நின்றது. வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள், எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்களோடு வந்த வழிகாட்டி நம் பெடியன், தொப்பியும் பையுமாக இருந்தான், மாமாவை அடையாளம் கண்டு "மாமா, இங்க என்ன?" என்று கும்பிட்டான். பக்கத்து டிவிஷன் பிள்ளையாம். அட்டைக்கு எல்லோர் காலிலும் சித்தாலேப மருந்து தடவச் சொன்னான், தண்ணீர் போத்தல் பார்த்தான், அப்புறம் கிளம்பச் சொல்லிவிட்டு, அவர்கள் வரிசையாகப் பாதையில் இறங்க இறங்கப் பின்னாலிருந்து விரலை நீட்டி எண்ணத் தொடங்கினான்.

மாமாவின் கை என் அப்பாயியின் கை மாதிரியே எழும்பியது. "வழியில எண்ணாத தம்பி. போய்ச் சேந்து எண்ணிக்க."

பெடியன் சிரித்தான். "எண்ணாம விட்டு ஒரு ஆளு கொறைஞ்சா என் வேலை போயிரும் மாமா. கொழும்புலருந்து கேள்வி வரும், எம்பஸிலருந்து கேள்வி வரும்."

மாமா கையிலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"கேக்க ஆள் இருக்குன்னா எண்ணு" என்றார்.

அவன் விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டே தேயிலைக்குள் இறங்கினான். மகள் ஃபோனைப் பார்த்தாள், அன்றைக்கு 14,000 சொச்சம். கலஹா பஸ் இரண்டரைக்கு என்று மாமா சொன்னார், என் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நாங்கள் டவுனுக்கு இறங்கத் தொடங்கினோம்.